வேனில் போன ஆறு பேர்

இருபது வருஷம் பத்தாம் வகுப்புக்கு இரண்டாம் உலகப் போர் நடத்தியவன் நான். காரணங்கள் ஐந்து, விளைவுகள் எட்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை தப்பாமல் சொல்வேன். அப்பேர்ப்பட்டவன், அந்தப் போரின் கைதி முகாம் ஒன்றில் பச்சை குத்திய எண்ணை ஒரு மனிதர் கையில் ஓரடி தூரத்தில் பார்த்துவிட்டு, அதன் கடைசி மூன்று இலக்கம் வருகிற மாதிரி லாட்டரிச் சீட்டு வாங்கினேன். இதை மறைத்துவிட்டு என் ஆஸ்பத்திரி நாட்களை எழுதினால், மீதி எல்லாம் பொய்யாகிவிடும். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எழுபதுகளின் பின்பாதி. எனக்கு நாற்பத்தாறு வயது. ஆறு மாதமாக இருமல். சாக்பீஸ் தூசி என்று பள்ளிக்கூடத்தின் மேல் பழி போட்டேன். சிகரெட்டின் மேல் போட மனசு வரவில்லை. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் வரும், பேன்ட் இடுப்பில் நிற்காது. "இளைச்சுட்டீங்க சார், யோகா பண்றீங்களா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டபோது, ஆமாம் என்று சொல்லி ஆசனத்தின் பெயர் வேறு சொன்னேன். ஒரு நாள் வகுப்பில் இருமிவிட்டு வாயைத் துடைத்தேன். கைக்குட்டையில் சிவப்பு. முதல் பெஞ்சுப் பையன்கள் பார்த்துவிட்டார்கள். மறுநாள் முதல் பெஞ்சு காலி.

கடைத்தெரு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வலது நுரையீரலின் உச்சியில் ஒரு வட்டத்தைக் காட்டினார். எலுமிச்சம்பழம் அளவு. "கேவிட்டி. கிருமி அரிச்சுக் குழி பண்ணியிருக்கு" என்றார். டி.பி. என்று நேராகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் டாக்டர்களுக்கும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூச்சம். என் மனைவி சரோஜாதான் கேட்டாள்: "காசமா டாக்டர்?" அவர் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தன்னுடையதையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

ஊருக்கு வெளியே, அண்ணாமலை சன்னலில் தெரிகிற ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில். தினம் காலையில் இடுப்பில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. அது கிருமியைக் கொல்லும், கூடவே காதையும் கொஞ்சம் கெடுக்கும். நாள் முழுக்கக் காதுக்குள் ரைஸ்மில் ஓடும். மாதம் ஒரு முறை கோழைப் பரிசோதனை. விடிந்து எழுந்ததும் முதல் இருமலில் வருவதை மூடி போட்ட குப்பியில் பிடித்துக் கொடுக்க வேண்டும். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்கள். கிருமி இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். வாழ்க்கையில் நெகட்டிவ் ஆக வேண்டும் என்று மனிதன் சாமி கும்பிடுகிற ஒரே இடம் அதுதான்.

சம்பளம் பாதியாகிவிட்டது. சரோஜா வளையலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் அவள் கைகளைப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டேன். நாங்கள் சைவம். டாக்டரம்மா தினம் ஒரு முட்டை என்று எழுதிவிட்டார். பக்கத்து வீட்டு அடுப்பில் அவித்து, தோலுரித்து, இட்லிக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவருவாள். நான் தின்று முடிக்கும்வரை சன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முடிந்ததும், "ஆச்சா?" என்பாள். கொலை முடிந்ததா என்று கேட்பது போலிருக்கும்.

எனக்கு வலது பக்கக் கட்டில் ரஹீம் பாய். மெத்தை தைப்பவர், கடைத்தெருவில் சின்னக் கடை. பஞ்சுத் தூசியும் கிருமியும் சேர்ந்து அவரைப் படுக்க வைத்திருந்தன. நோயைவிட ஆஸ்பத்திரி மெத்தைதான் அவரை ஜாஸ்தி வதைத்தது. "இது மெத்தையா சார்? இதைத் தெச்சவன் கையை வெட்டணும்" என்று தினம் காலையில் ஒரு முறை சொல்லிவிட்டுத்தான் பல் விளக்குவார்.

இடது பக்கம் ஒரு வெள்ளைக்காரர். பெயர் யோசெஃப். பாய் முதல் நாளே அவரை யூசுப் பாய் ஆக்கிவிட்டார். அவரும் மறுக்கவில்லை. என் வயதுதான் இருக்கும். பத்து வருஷமாக அடி அண்ணாமலைக் கிராமத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கி, தினம் மலையைச் சுற்றி வந்துகொண்டிருந்தவர். சந்தைத் தமிழ் தெரியும். என்னோடு இங்கிலீஷில் பேசுவார்.

டாக்டரம்மா வார்டைச் சுற்ற வரும் நேரம், நாங்கள் எல்லோரும் இன்னும் கொஞ்சம் நோயாளி ஆவோம். நான் முனகுவேன். லீவு நீட்டிக்க அது உதவும். யோசெஃப் மட்டும் நேர் எதிர். விடியற்காலையிலேயே முகம் மழித்து, போர்வையை மூலை பிசகாமல் மடித்து, கட்டில் ஓரத்தில் விறைப்பாக நிற்பார். அம்மா வாசற்படி ஏறும் சத்தம் கேட்டதும் இரண்டு கன்னத்தையும் கிள்ளிச் சிவக்க வைத்துக்கொள்வார். "எப்படி இருக்கு?" என்றால், "நல்லா இருக்கு. ஜுரம் இல்லே" என்பார். நர்ஸ் திரும்பியதும் தர்மாமீட்டரை வாயிலிருந்து எடுத்து உதறி, பாதரசத்தை இறக்கி, மறுபடி வைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அலட்டல் பேர்வழி என்று நினைத்தேன்.

ஒரு நாள் யோசெஃபுக்கு ஊசி குத்த இடுப்பு தோதுப்படாமல் கையில் குத்தினார்கள். சட்டைக் கையை மேலே சுருட்டியபோதுதான் இடது முன்கையில் அந்தப் பச்சையைப் பார்த்தேன். முன்னால் ஒரு இங்கிலீஷ் எழுத்து, பின்னால் ஐந்து எண். லாட்டரிச் சீட்டுக்கும் அதே லட்சணம்.

"பாத்தீங்களா சார்?" என்றார் பாய், குரலைத் தாழ்த்தி. "வெள்ளைக்கார சாமி. மலையைப் பத்து வருஷம் சுத்தினவரு. சும்மா குத்திக்குவாரா?"

எங்கள் ஊரில் இது புதிதல்ல. மலைப்பாதையில் படுத்திருக்கும் ஒரு சாமியார் எத்தனை முறை இருமினார் என்று எண்ணி, அந்த எண்ணுக்குச் சீட்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களை நான் வகுப்பில் கிண்டல் செய்ததும் உண்டு. ஆனால் நுரையீரலில் ஓட்டை விழுந்தவனுக்குப் புத்தியிலும் ஒன்று விழும் போலிருக்கிறது. சரோஜாவிடம் கடைசி மூன்று எண்ணை எழுதிக் கொடுத்து பஸ் ஸ்டாண்டில் தேடச் சொன்னேன். நாலு கடை ஏறி இறங்கி வாங்கி வந்தாள். சீட்டை யோசெஃபிடம் நீட்டி, விழுந்தால் மூன்று பேருக்கும் சம பங்கு என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

அவர் சீட்டைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"பரிசு எவ்வளவு?"

"ஒரு லட்சம்."

"இதைக் குத்தியவர்கள் இதற்கு இவ்வளவு மதிப்பு வைக்கவில்லை" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புத்தகத்தில் பதினேழாவது வரி: 'யூதர்கள் பெரும் துன்பத்துக்கு ஆளாயினர்.' பையன்களை அடிக்கோடு போடச் சொல்வேன். இரண்டு மார்க்குக்கு வரும்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் சீட்டைத் திருப்பித் தரவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த சில நாட்களில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வார்டு உறங்கும் நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பாதியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பார். சில நாள் மறுபடி ஆரம்பிக்க மாட்டார்.

போலந்தில் பஞ்சாலைகள் நிறைந்த ஒரு ஊர். பதினோரு வயதில் அவர் குடும்பத்தையும் ஊரிலிருந்த மற்ற யூதர்களையும் சில தெருக்களுக்குள் தள்ளி, சுற்றிலும் வேலி அடைத்துவிட்டார்கள். கெட்டோ என்பது அதுதான்: ஊருக்குள் ஒரு ஊர், வெளியே வந்தால் சுடுவார்கள். உள்ளே அறைக்கு ஏழு எட்டுப் பேர். ரொட்டியும் முள்ளங்கித் தண்ணீரும் அளந்து கொடுப்பார்கள். வேலை செய்கிறவனுக்குத்தான் அளவு. பதின்மூன்று வயதில் யோசெஃப் ஒரு பட்டறையில் வைக்கோலால் செருப்பு பின்னிக்கொண்டிருந்தார். அம்மா அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே பசியில் போய்விட்டாள்.

அண்ணனுக்கு நெஞ்சு நோய். "நமக்கு வந்ததேதான்" என்றார். அப்பா அவனை வீட்டிலேயே வைத்துக்கொள்ளப் பார்த்தார். கெட்டோவுக்குள் ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே கட்டில் உண்டு, சூப் கொஞ்சம் கெட்டியாக இருக்கும் என்று கேள்விப்பட்டு, சேர்க்கச் சொல்லி அப்பாவை நச்சரித்தவர் யோசெஃப்தான். சேர்த்தார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு காலை, தகர டப்பாவோடு அண்ணனைப் பார்க்கப் போனால், ஆஸ்பத்திரி வாசலில் லாரிகள். ஒருவன் பட்டியலைப் படிக்கிறான். படுத்திருந்தவர்களைத் தூக்கி வந்து ஏற்றுகிறார்கள். சன்னல் வழியாகக் குதித்தவர்களைப் பிடித்து வந்தும் ஏற்றுகிறார்கள். எல்லாம் இரவு உடையில்.

"அண்ணன் என்னைப் பார்த்தான். கை காட்டவில்லை. கை காட்டினால் என்னையும் ஏற்றிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். சாயங்காலம்வரை தெரு முனையிலேயே நின்றேன்."

"லாரி திரும்பி வரவில்லையா?" என்று கேட்டேன். இருபது வருஷ சர்வீஸ்.

"வந்தது. நாலு முறை வந்தது. காலியாக."

பிறகு ரயில். அப்பாவை ஒரு வரிசைக்கும் அவரை இன்னொரு வரிசைக்கும் அனுப்பினார்கள். பதினைந்து வயது, பதினெட்டு என்று சொல்லச் சொல்லி யாரோ காதில் முணுமுணுத்திருந்தார்கள். அதனால் பிழைத்தார். அப்பாவின் வரிசை எங்கே போயிற்று என்று அன்று சாயங்காலமே புகைபோக்கியைக் காட்டிச் சொன்னார்கள். எண் குத்தினார்கள். அதன் பிறகு அவர் பெயர் அதுதான். காலையும் மாலையும் நிற்க வைத்து எண்ணுவார்கள். கணக்கு உதைத்தால், பனியில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். அங்கேயும் நோயாளிகளுக்கு ஒரு கொட்டகை இருந்தது. அதற்குள் படுத்தவர்களிலிருந்துதான் ஆள் பொறுக்குவார்கள். அதனால் காய்ச்சலோடு கல் தூக்கினார். பொறுக்க வரும்போது கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அங்கிருந்து வேறு முகாம், அங்கிருந்து இன்னொன்று. போர் முடிந்தபோது எழுந்து நிற்க முடியாமல் கிடந்த அவரை ஒரு சிப்பாய் ஒரு கையால் தூக்கினானாம்.

"இங்கே ஏன் வந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"மலைக்காக. காலையில் எழுந்து பார்த்தால் அங்கேயே இருக்கிறது" என்றார்.

நான் அதற்குப் பிறகு டாக்டரம்மா வரும்போது முனகுவதை நிறுத்திவிட்டேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அந்த மாதப் பரிசோதனையில் யோசெஃபுக்கு நெகட்டிவ் என்று வந்தது. ஜுர அட்டையிலும் கோடு நேராக இருந்தது. அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டரம்மா. ஆனால் அதற்கு முந்தின நாள்கூட அவர் தலையணை உறையில் ரத்தம் பார்த்திருந்தேன். அவர் அதைத் திருப்பிப் போட்டுப் படுத்ததையும் பார்த்திருந்தேன். எனக்குப் புரியவில்லை. பாய்தான் சாவகாசமாக விளக்கினார்.

"குப்பியில இருந்தது என்னுது சார். எனக்குத்தான் ரெண்டு மாசமா நெகட்டிவ் ஆச்சே. கேட்டாரு, கொடுத்தேன். அதுக்கு அவரு முட்டையைக் கொடுத்தாரு. நான் வேணாம்னேன், கேக்கல."

"பாய், அது தப்பு இல்லையா?"

"துப்புறதுல கூடவா சார் கம்மி ஜாஸ்தி பாக்குறது?"

வீட்டுக்குப் போனால் யோசெஃப் செத்துவிடுவார் என்பதில் சந்தேகமில்லை. சொன்னால் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். அவர் இருந்த இடத்தில் காட்டிக்கொடுத்தவர்களுக்கு என்ன பெயர் என்று அவரே சொல்லியிருந்தார். இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

அவர் முன்னாலேயே யோசெஃபை இரும வைத்துச் சோதித்தார்கள். கிருமி நிறைய. இடது நுரையீரலின் ஒரு பாகத்தை வெட்டி எடுக்க வேண்டும், வேலூர்ப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் செய்வார்கள், அடுத்த செவ்வாய் வேனில் அனுப்புவோம் என்றார் டாக்டரம்மா. யோசெஃப் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு நாள் என் பக்கமே திரும்பவில்லை. பிறகு ஒன்று மட்டும் சொன்னார்: "நான் வேனில் ஏற மாட்டேன்."

"வேன் மாதம் இரண்டு முறை போய்வருகிறது. எக்ஸ்ரே எடுக்கத்தான். நாளைக்குக்கூடப் போகிறது. சாயங்காலம் திரும்பிவிடும்."

"லாரியும் திரும்பியது என்று சொன்னேனே."

"ஆட்களும் திரும்புவார்கள். நீங்களே எண்ணிப் பாருங்கள். நானும் போகிறேன்."

எனக்கு அந்த மாதம் எக்ஸ்ரே முறை இல்லை. டாக்டரம்மாவிடம் கெஞ்சி வேனில் இடம் வாங்கினேன். காலையில் யோசெஃப் வாசலில் நின்று ஏறுகிறவர்களை விரல் விட்டு எண்ணினார். ஆறு. நானும் பாயும் வேறு நாலு பேரும். உயிரைப் பணயம் வைத்து ஒரு நண்பனைக் காப்பாற்றப் போகிறவனின் கம்பீரத்தோடு சன்னல் ஓரம் உட்கார்ந்தேன்.

அந்தக் கம்பீரம் கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் வாந்தியாக வெளியே போய்விட்டது. திரும்பும்போது தலையைச் சன்னல் கம்பியில் முட்டுக்கொடுத்துக் கண்ணை மூடிக் கிடந்தேன். ஊருக்குள் நுழைந்ததும் பாயின் குரல் கேட்டது: "டிரைவர், கடைத்தெருவுல ஓரமா நிறுத்துப்பா. கடையைப் பாத்து நாலு மாசம் ஆவுது. பின்னாடியே ஜட்காவுல வந்துடறேன்." வேன் நின்றது. போனது. நான் எதற்காக வேனில் வந்தேன் என்பது அப்போது என் ஞாபகத்திலேயே இல்லை. "சீக்கிரம் வாங்க பாய்" என்று சொன்னதாகக்கூட நினைவு. அவரிடம் விஷயத்தைச் சொல்லி வைக்கவும் எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

யோசெஃப் காலையில் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். ஒவ்வொருவராக இறங்கினோம். அவர் உதடு அசைந்தது. ஐந்து. வேனுக்குள் எட்டிப் பார்த்தார். காலி. என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. "கடைக்குப் போயிருக்கார், வந்துடுவார்" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் உளறினேன். என்ன சொன்னாலும், லாரிக்காரன் சொல்லியிருக்கக் கூடியதுதான் அது.

அவர் உள்ளே போய்ப் போர்வையை மடித்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பின்னால் ஓடினேன். கேட்டுவரை பதினைந்து அடி. அங்கேயே இருமல் வந்து உட்கார்ந்துவிட்டேன். நல்ல வேளையாக, இட்லியும் முட்டையுமாக சரோஜா எதிரே வந்தாள். "அவரை நிறுத்து" என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை.

மீதியை அவள் சொல்லித்தான் தெரியும். அரை மைல் தள்ளி ஒரு மைல்கல்லில் அவர் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாராம். இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. பக்கத்தில் நின்றுகொண்டாள். "பாய் வருவாரு. இருங்க" என்றாள். அவர் எழுந்து நடந்தார். இவளும் நடந்தாள். உட்கார்ந்தால் நின்றாள். ஏழெட்டு முறை இதையே சொன்னாளாம். வெயில் இறங்குகிற நேரத்தில் டவுன் பக்கமிருந்து ஒரு ஜட்கா வந்தது. உள்ளே ரஹீம் பாய், மடியில் வாழை இலைப் பொட்டலம்.

"இன்னா யூசுப் பாய், எங்க கெளம்பிட்டீங்க? உங்களுக்குத்தான் வாங்கியாந்தேன். சூடு ஆறிடும், ஏறுங்க."

யோசெஃப் ஜட்காவின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு பாயின் முகத்தையே பார்த்தாராம். தோளைத் தொட்டுப் பார்த்தாராம். பிறகு தமிழில், "ஆறு" என்றாராம். அங்கேயே ரோட்டோரத்தில் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டுத்தான் ஏறினார்.

அடுத்த செவ்வாய் வேனில் ஏறினார். ஏறும்போது, அவரை நம்ப வைத்தது நான் போய்வந்ததுதானே என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "இல்லை. அந்த லாரியில் போன யாரும் வழியில் இறங்கிச் சாப்பாடு வாங்கியதில்லை" என்றார்.

வெட்டி எடுத்தார்கள். மூன்று விலா எலும்பும் போயிற்று. பத்து மாதம் கழித்து, தோள் ஒரு பக்கம் சரிந்து, அடி அண்ணாமலைக்குத் திரும்பினார். நானும் பாயும் அதற்குள் வீடு திரும்பியிருந்தோம். அதன் பிறகு ஆறேழு வருஷம் இருந்தார். மலை சுற்ற முடியவில்லை. வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். சரோஜா மாதம் ஒரு நாள் முட்டை கொண்டுபோவாள். வெளிப்படையாகவே, தூக்குச்சட்டியில்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில், ஒரு மதியம், நாற்காலியிலேயே போய்விட்டார். எரிக்கக் கூடாது, புதைக்க வேண்டும் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். வீட்டுக்காரர் ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரியும், சொல்லவில்லை. வீட்டுக்காரரே தன் கொல்லை மூலையில் இடம் கொடுத்தார். வெள்ளைத் துணியைப் பாய் தைத்தார். மெத்தைக்குத் தைப்பது போலவே, நெருக்கமாக, பிரிந்து போகாத தையல்.

திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றோம். மனசு கனத்திருந்தது. மனசு கனத்தால் எனக்குப் பிரசங்கம் வரும். "பாய், படிச்சவன் நான். திட்டம் போட்டு, வாந்தி எடுத்து, ஒண்ணும் நடக்கல. உங்க ஒரு பொட்டலம் பிரியாணி அந்த மனுஷனுக்கு ஏழு வருஷம் ஆயுசு கொடுத்துடுச்சு" என்றேன்.

பாய் டீயை ஊதி ஊதிக் குடித்து முடித்தார். கிளாஸை வைத்தார்.

"பிரியாணி எங்க சார்? அன்னிக்கி கறி தீந்துபோச்சு. வெறும் குஸ்காதான்" என்றார்.